கூர்நோக்கு இல்லத்தில் தம்பி: முதல் தடவை பார்க்கப் போகிறோம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முந்திரிக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தம்பியின் பெயர், ஊர்ப் பெயர் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு வயது 17. பன்னிரண்டாம் வகுப்பு. போன வாரம் அவனையும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரையும் பைக் திருட்டு என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் இளைஞர் நீதிக் குழுமத்தில் (18 வயது ஆகாதவர்கள் வழக்கை விசாரிக்கிற இடம்) ஆஜர்படுத்தி, அங்கிருந்து கடலூரில் கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணை நடக்கும்போது சிறாரை வைத்திருக்கிற இடம்) சேர்த்துவிட்டார்கள். அம்மா அன்று முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போயிருந்தார். தகவல் தெரிந்து, வடலூர் வழியாக பஸ் பிடித்து அம்மாவும் நானும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறார். அவரும் வருகிறார். இல்லத்துக்கு போன் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். பதற்றத்தில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் அவனுக்கு அக்கா. என்னை உள்ளே விடுவார்களா, இல்லை அம்மா அப்பா மட்டும்தானா? என்னென்ன சான்று வேண்டும்? சாப்பாடு, துணி, புத்தகம் கொடுக்கலாமா? அவனுக்கு வீசிங் உண்டு, பனி நாளில் இன்ஹேலர் இல்லாமல் தூங்க மாட்டான். அது இப்போது வீட்டில்தான் கிடக்கிறது. போனில் அவனிடம் பேச வழி உண்டா?

பெரியப்பா, "ஒருத்தரும் போய்ப் பார்க்காதீங்க, கொஞ்ச நாள் உள்ள கிடக்கட்டும், அப்பதான் புத்தி வரும்" என்கிறார். அப்பாவும் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார். அம்மா நாள் முழுக்க அழுகிறார். போய் உட்கார்ந்தால் அவனிடம் என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

பொருநைக்கரை எழுதியது:

தாயி, முதலில் உங்கள் பெரியப்பா பேச்சை ஒதுக்கி வையுங்கள். ஞாயிறு கட்டாயம் போங்கள். அடுத்த வாரமும் போங்கள். அவன் வெளியே வருகிற வரைக்கும் பார்வை நாள் ஒன்றைக்கூட விடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் இளைய மகன் பதினாறு வயதில், பள்ளிக்கூட வாசலில் நடந்த ஒரு அடிதடி வழக்கில், தெற்கே ஒரு இல்லத்தில் சில மாதம் இருந்தான். இப்போது ஐடிஐ முடித்து வேலைக்குப் போகிறான். அவன் அங்கே இருந்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு இல்லத்துக்கும் நாளும் நேரமும் நடைமுறையும் கொஞ்சம் மாறும். அதனால் சனிக்கிழமையே இன்னொரு போன் போட்டு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பேர் வரலாம், என்ன கொண்டுவரலாம் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். போனை எடுத்தவர் யார் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா தாராளமாகப் போகலாம். பெற்றோரும் உறவினரும் பார்க்கலாம். ஆனால் நீங்கள் அக்காதான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ரேஷன் ஸ்மார்ட் கார்டை எடுத்துப் போங்கள். அதில் உங்கள் பெயரும் தம்பி பெயரும் ஒன்றாக இருக்கும். மூன்று பேருடைய ஆதார், ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ். தம்பியின் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பள்ளியில் படிக்கிறான் என்பதற்கு தலைமை ஆசிரியர் தரும் சான்று இதையெல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள். பார்வைக்குத் தேவைப்படாவிட்டாலும் குழுமத்துக்கும் ஜாமீனுக்கும் தேவைப்படும்.

இன்ஹேலரை ஞாயிறு வரை வைத்திருக்காதீர்கள். நாளைக்கே போன் செய்து கண்காணிப்பாளரிடம் "பையனுக்கு வீசிங் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அதைப் பையன் கையில் கொடுக்க விடமாட்டார்கள், அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கட்டாயம் கூட இருக்க வேண்டும். சீட்டைத் தொலைத்திருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் புதுச் சீட்டு வாங்குங்கள். கொடுத்த தேதியை எழுதி, பெற்றுக்கொண்டவரிடம் ஒரு கையெழுத்து கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் போடுவார்கள்.

சாப்பாட்டு விஷயம். நாங்கள் போன இடத்தில் வீட்டில் சமைத்த சோறு குழம்பை விடவில்லை. பிரிக்காத பிஸ்கட், பழம், சில நாள் முறுக்கு, இவ்வளவுதான். முறுக்கு கொண்டுபோன அன்று வாசலில் இருந்தவர் அதை ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். அதிரசத்தைப் பிட்டுப் பார்த்தார். ஒப்புக்காக அல்ல, உண்மையாகவே பார்த்தார். அவர் மேல் கோபம் வேண்டாம். பிளேடும் ஹான்ஸ் புகையிலையும் எதற்குள்ளே ஒளிந்து வரும் என்று தெரிந்தவர் அவர். இன்னொன்று, உங்கள் தம்பிக்கு மட்டும் என்று அளந்து கொண்டுபோகாதீர்கள். கூட இருக்கிற பிள்ளைகளில் யாரும் வந்து பார்க்காத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து இரண்டு பாக்கெட் அதிகம் இருந்தால், உள்ளே அவனிடமிருந்து பிடுங்குவதும் குறையும்.

செல்போன், காசு, பீடி சிகரெட், ஹான்ஸ் எதையும் யார் கேட்டாலும் கொண்டுபோகாதீர்கள். "உள்ளே பெரிய பசங்க கேக்குறாங்க, கொண்டு வரலேன்னா அடிப்பாங்க" என்று அவனே கேட்கலாம். அப்படிக் கேட்டால் அவனைத் திட்டாதீர்கள். வெளியே வந்து கண்காணிப்பாளரிடமோ ஆற்றுப்படுத்துநரிடமோ (கவுன்சலர்) தனியாகச் சொல்லுங்கள். அவன் சொன்னான் என்று சொல்லாமல், "பெரிய பிள்ளைகளோடு படுக்க வைக்காதீர்கள்" என்று கேட்டாலே அவர்களுக்குப் புரியும்.

சரி, என்ன பேசுவது?

நான் முதல் நாள் போனபோது என் மகன் வாயைத் திறக்கவில்லை. நீளமான பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் உரிந்திருந்த பச்சைப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். மூலையில் வார்டன் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாலைந்து குடும்பம், ஒரே இரைச்சல். வழக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. வீட்டில் செவலை ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. ஒன்று மடியில் வாய் வைக்க மாட்டேன் என்கிறது, பாட்டிலில்தான் ஊட்டுகிறோம் என்று சொன்னேன். அப்போதுதான் தலை நிமிர்ந்தது. "எது, கிடாயா பெட்டையா?" என்றான். அதற்கப்புறம் நேரம் போதவில்லை.

அதனால் வீட்டைப் பற்றிப் பேசுங்கள். யார் வீட்டில் கல்யாணம், எந்த பஸ் நின்றுபோனது, கிரிக்கெட்டில் யார் ஜெயித்தார்கள், எதுவானாலும் சரி. "ஏண்டா இப்படிப் பண்ணினே" என்று அங்கே கேட்க வேண்டாம். கேட்க வேண்டியதுதான், ஆனால் அந்த இடம் அதற்கானது இல்லை. பக்கத்தில் காது நிறைய இருக்கிறது, அவனுக்கும் பதில் சொல்லும் தெம்பு இருக்காது. வழக்கு விவரத்தை வக்கீலிடம் பேசட்டும்.

"அடுத்த வாரம் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தேதி உங்கள் கையில் இல்லை. "அடுத்த ஞாயிறு வருவேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். ஏதாவது காரணத்தால் வர முடியாமல் போனால் முதல் நாளே அலுவலகத்துக்கு போன் போட்டு "அவனிடம் சொல்லிவிடுங்கள்" என்று கெஞ்சியாவது சொல்ல வையுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்தப் பிள்ளை என்னென்னவோ நினைக்கும்.

கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். அப்படியே விரல் இடுக்கைப் பாருங்கள். நெருக்கமாகப் படுக்கிற இடத்தில் சிரங்கு சீக்கிரம் ஒட்டும். இருந்தால் வெட்கப்படாமல் அலுவலகத்தில் சொல்லுங்கள், மருந்து எல்லோருக்கும் சேர்த்துப் போட வேண்டும். முதுகில், கையில் காயம், கன்றல் ஏதும் இருக்கிறதா என்றும் பேச்சோடு பேச்சாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருங்கோட்டு எழுதியது:

சகோதரி, நான் குழுமத்தில் சிறார் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். பார்வை பற்றி பொருநைக்கரை அம்மா சொன்னதற்கு மேல் சேர்க்க அதிகம் இல்லை. சட்டப் பக்கம் சொல்கிறேன்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் 12ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றமா, விடமுடியாத குற்றமா என்ற பேதமே சிறாருக்குக் கிடையாது. ஜாமீன்தாரர் இருந்தும் விடலாம், இல்லாமலும் விடலாம். மறுக்க வேண்டுமானால் மூன்று காரணம்தான்: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடலாலோ மனத்தாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து, நீதியின் நோக்கம் கெட்டுவிடும். இதில் எது என்று குழுமம் எழுத வேண்டும். ஜாமீன் கொடுத்தும் நிபந்தனையை உங்களால் ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியவில்லை என்றால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பையனை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும்.

உங்கள் பெரியப்பாவின் பேச்சு இங்கேதான் நேரடியாகக் கெடுதல் செய்யும். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் குடும்பத்தைப் பற்றி ஒரு சமூக விசாரணை அறிக்கை கொடுப்பார். வீட்டில் யார் யார், வருமானம் என்ன, பையன் பள்ளிக்கு ஒழுங்காகப் போனானா, திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று எல்லாம் அதில் வரும். வாரம் தவறாமல் வந்து போகிற குடும்பமா, எட்டிப் பார்க்காத குடும்பமா என்பது பார்வையாளர் பதிவேட்டிலேயே இருக்கும். நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் நீங்களே அவரைப் போய்ப் பாருங்கள். அப்பா திருப்பூரில் இருப்பதை மறைக்க வேண்டாம். விடுவித்தால் தேர்வு முடியும் வரை அவர் ஊரில் இருப்பாரா என்பதை முடிவு செய்துகொண்டு போய்ச் சொல்லுங்கள்.

பைக் திருட்டு மட்டும்தான் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 303ஆம் பிரிவு, அதிகபட்சம் 3 ஆண்டு. இளைஞர் நீதிச் சட்டப்படி அது சிறு குற்றம். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், குழுமம் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்றத்தில் அதற்குள்ளும் முடியாவிட்டால் நடவடிக்கையே முடிந்துபோகும். வேறு பிரிவு ஏதும் சேர்த்திருக்கிறார்களா என்று முதல் தகவல் அறிக்கையைப் பாருங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் கவலை வேண்டாம். சிறாருக்குச் சட்ட உதவி கிடைக்கச் செய்வது குழுமத்தின் கடமை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கடிதம் பற்றியும் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளில் தெளிவாக இருக்கிறது. பிள்ளைக்கு வரும் கடிதத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. அவன் மாதம் ஒரு கடிதமாவது வீட்டுக்கு எழுத இல்லம் ஏற்பாடு செய்ய வேண்டும், தபால் செலவும் இல்லத்தினுடையது. பொறுப்பாளர் கடிதத்தைப் படித்துப் பார்க்கலாம், நிறுத்தவும் செய்யலாம், ஆனால் ஏன் நிறுத்தினார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். போனில் பேசுவது கண்காணிப்பாளர் அனுமதியில் நடக்கும். எனவே வழக்கு பற்றிக் கடிதத்திலும் போனிலும் எழுதவோ பேசவோ வேண்டாம்.

முந்திரிக்காடு எழுதியது:

அம்மா, சார், இரண்டு பேருக்கும் நன்றி. இன்ஹேலர் பற்றி இன்று காலையே போன் செய்துவிட்டேன். சீட்டோடு நாளைக்கே கொண்டுவந்து கொடுக்கலாம் என்றார்கள். நான் போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. அவனுக்கு ஏப்ரலில் 18 முடிகிறது. அன்றைக்குப் பெரிய ஜெயிலுக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஊரில் ஒருவர் சொன்னதிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. அடுத்தது, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஒரு வருஷம் போய்விடுமா?

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் படத்தைப் போட்டு "பைக் திருடன்" என்று எழுதியிருக்கிறார்கள். அதையும் ஏதாவது செய்ய முடியுமா?

கருங்கோட்டு எழுதியது:

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். விசாரணை நடக்கும்போது 18 முடிந்தாலும் குழுமமே தொடர்ந்து விசாரிக்கும். அவனை இன்னும் சிறாராகவே கருதி உத்தரவு போடும். இளைஞர் நீதிச் சட்டம் 5ஆம் பிரிவு. பொதுச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். அந்தச் சட்டத்தில் குழுமம் எந்த உத்தரவு போட்டாலும் சிறப்பு இல்லத்தில் (குற்றம் உறுதியான சிறாரை வைக்கிற இடம்) அதிகபட்சம் 3 ஆண்டுதான். இந்த மாதிரி வழக்கில் அறிவுரை சொல்லி அனுப்புவது, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தையில் விடுவது, சமூக சேவை செய்யச் சொல்வது இதெல்லாம்தான் முதலில் வரும்.

தேர்வுக்குள் ஜாமீன் கிடைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. கிடைக்காவிட்டாலும் 98ஆம் பிரிவு இருக்கிறது. தேர்வு, உறவினர் கல்யாணம், நெருங்கியவர் மரணம், பெற்றோருக்குக் கடுமையான நோய் போன்றவற்றுக்குக் குழுமம் மேற்பார்வையில் விடுப்பு கொடுக்கலாம், ஒரு தடவைக்குப் பொதுவாக ஏழு நாள் வரை, பயண நேரம் தனி. தேர்வு அட்டவணையையும் தலைமை ஆசிரியர் கடிதத்தையும் இணைத்து இப்போதே மனுப் போடச் சொல்லுங்கள். மார்ச் வந்த பிறகு ஓடினால் நடக்காது. பாடப் புத்தகத்தை ஞாயிறு கொண்டுபோங்கள், அதை யாரும் தடுக்க மாட்டார்கள். ரெக்கார்ட் நோட்டுகளும் எழுதி முடித்திருக்கிறானா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப் விஷயம் சாதாரணமானது இல்லை. 74ஆம் பிரிவின்படி சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, குரூப் நடத்துபவரிடம் இந்தப் பிரிவைச் சொல்லி உடனே நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் குழுமத்திலேயே மனுக் கொடுங்கள். வழக்கு முடிந்த பிறகு, நன்னடத்தைச் சான்றுக்காக இந்தப் பதிவைப் போலீஸ் வெளியே சொல்லக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நாளைக்கு வேலைக்குப் போகும்போது உதவும்.

வண்டிச்சோலை எழுதியது:

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன். பெரியப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிஸ்கட் பழம் என்று தூக்கிக்கொண்டு ஓடினால் தப்பு செய்தவனுக்குத் தப்பு எப்படித் தெரியும்? பைக்கைப் பறிகொடுத்தவன் வீட்டிலும் ஒரு அம்மா அழுதிருப்பாள் இல்லையா?

பொருநைக்கரை எழுதியது:

அண்ணாச்சி, பைக் போனவர் வீட்டை நானும் நினைக்கிறேன். அந்தப் பையன் வெளியே வந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்த் தலை குனிந்து நிற்கட்டும். அது வேறு விஷயம். ஆனால் தண்டிக்கிற வேலைக்குக் குழுமம் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, ராத்திரி விளக்கை அணைக்காத ஹால் இருக்கிறது. அம்மாவும் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டால் இந்தப் பக்கம் யார் நிற்பது?

உள்ளே யாரும் வந்து பார்க்காத பிள்ளைக்குச் சீக்கிரம் வேறு சொந்தம் கிடைத்துவிடும். வழிப்பறி வழக்கில் வந்த பெரிய பையன், "வெளிய வா தம்பி, நான் பாத்துக்கறேன்" என்பான். நான் பார்வை அறையில் உட்கார்ந்து இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புத்தி வருவது என்று நீங்கள் சொல்கிறீர்களே, எந்தப் பக்கத்துப் புத்தி வரும் என்று யோசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு சிறப்பு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் ஒரு சிறுவன் செத்துப்போனான். அங்கே வேலை பார்த்தவர்களையே கைது செய்தார்கள். அதற்கப்புறம்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை வைத்து அரசு இந்த இல்லங்களைப் பற்றி விசாரிக்கச் சொன்னது, 2023இல் அவர் அறிக்கை கொடுத்தார். எல்லா இல்லமும் அப்படி இல்லை, என் மகனை நல்லபடியாக நடத்திய வார்டனும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து சட்டையைத் தூக்கிப் பார்க்க ஒரு தாய் இருக்கிறாள் என்று தெரிந்த பிள்ளை மேல் கை வைக்க யாரும் யோசிப்பார்கள். செல்லம் கொடுக்க நான் போகவில்லை, காவலுக்குப் போனேன்.

கருங்கோட்டு எழுதியது:

அம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுமம் மாதம் ஒரு தடவையாவது இல்லத்தை நேரில் ஆய்வு செய்ய வேண்டும். அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே எழுத்தில் குழுமத்துக்குக் கொடுங்கள். குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணிலும் சொல்லலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் சொல்லலாம்.

மேட்டுத்தெரு எழுதியது:

அக்கா, நான் உள்ளே இருந்தவன். இப்போது டெம்போ ஓட்டுகிறேன். என் பெயரில் இருந்த வழக்கு முடிந்துவிட்டது.

பார்வை நாளில் எங்களுக்கு விடியும்போதே வேலை தொடங்கிவிடும். இருக்கிறதில் நல்ல சட்டையை ராத்திரியே மடித்துத் தலைக்கு வைத்துப் படுப்போம், சுருக்கம் போகும் என்று. வார்டன் வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார். பெயர் வந்தவன் ஓடுவான். வராதவன் "எங்க வீட்ல வெளியூர் போயிருக்காங்க" என்று கேட்காமலே சொல்வான். பன்னிரண்டு மணிக்கு மேல் அவன் கிட்டே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம், அடிதடியில்தான் முடியும்.

எனக்கு அப்பா கிடையாது, அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு, பஸ் ஏறி வர முடியாது. அக்காதான் கடிதம் போடுவாள். ஸ்கூல் நோட்டில் கிழித்த தாள், ரெண்டு பக்கமும். எங்கள் தெருவில் குழாயில் தண்ணி எத்தனை மணிக்கு வந்தது, பக்கத்து வீட்டு நாய் யாரைக் கடித்தது, அம்மா என்ன குழம்பு வைத்தாள், இதுதான் இருக்கும். அறிவுரை ஒரு வரி இருக்காது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. படிக்கத் தெரியாத ஒரு பையன் இருந்தான். அவனுக்கு யாரும் எழுதவில்லை. என் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பான். எங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

உங்கள் தம்பி முதல் நாள் முறைப்பாகப் பேசலாம், "ஏன் வந்தீங்க, போங்க" என்றுகூடச் சொல்லலாம். அழுகை வந்துவிடும் என்று பயந்துதான் அப்படிச் சொல்வது. மற்ற பையன்கள் முன்னால் அழ முடியாது. நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள், மணி அடிக்கும் வரை உட்காருங்கள். அப்பா வந்தால் ரொம்ப நல்லது. எங்கள் கூட இருந்தவர்களுக்கு அம்மாதான் வருவார்கள். அப்பா வந்தால் அவனுக்கு வேறு மாதிரி தைரியம் வரும்.

முந்திரிக்காடு எழுதியது:

ஞாயிறு போய்விட்டு வந்தோம். அப்பா கடைசி வரை "நான் வாசல்லயே நிக்கிறேன்" என்றார். பதிவேட்டில் எழுதும்போது அங்கே இருந்தவர் "அப்பா வரலையா?" என்று கேட்டார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவரே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தம்பி முதலில் அம்மாவின் கையைத்தான் பார்த்தான். முந்திரி உடைத்து உடைத்து அவர் விரல் நுனியெல்லாம் எண்ணெய் பட்டுக் கறுத்து உரிந்திருக்கும். "சாம்பல் தடவிக்கிட்டு உடைக்கச் சொன்னேன்ல" என்று அம்மாவை அதட்டினான். வேறெதுவும் பேச முடியாமல் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். அப்பா வழக்கைப் பற்றிக் கேட்கப் போனார், நான் காலை மிதித்தேன். அப்புறம் அவர் பம்புசெட் மோட்டார் காயில் எரிந்துபோனதைச் சொன்னார், இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். போன தடவை அதை ரிப்பேர் பார்த்ததே தம்பிதான்.

இன்ஹேலர் நான் கொடுத்த அன்றே அவனுக்குக் கிடைத்திருக்கிறது. விரல் இடுக்கு சுத்தமாக இருக்கிறது. முதுகையும் பார்த்தேன். இயற்பியல், வேதியியல் புத்தகமும் ரெக்கார்ட் நோட்டும் கொடுத்துவிட்டோம். சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் அம்மா ஒருவர் கிடைத்திருக்கிறார், ஜாமீன் மனுவும் தேர்வு விடுப்பு மனுவும் இரண்டும் போடுகிறேன் என்றார். வாட்ஸ்அப் படத்தை எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஆயா (பாட்டி) இருக்கிறார். அவன் அப்பாவோடு திருப்பூருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவன் "ஆயாவ ஏமாத்தாதீங்க, நானே எழுதறேன்" என்கிறான். எண்பது வயது, தாங்குவாரா என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பொருநைக்கரை எழுதியது:

சொல்லிவிடுங்கள் தாயி. அப்பா திருப்பூரிலிருந்து தனியாக வந்து நிற்கிறார், ஆயாவுக்கு ஏற்கனவே பாதி தெரிந்திருக்கும். மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் வாயால் கேட்பதைவிட உங்கள் வாயால் கேட்கட்டும். சாப்பிட்ட பிறகு, பகலில், அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறது, நாங்கள் பார்த்துவிட்டு வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள்.

அவனே எழுதுகிறேன் என்கிறான் பாருங்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய்தான், தபால் ஆபீசில் நாலைந்து வாங்கி உங்கள் வீட்டு முகவரியை நீங்களே எழுதி அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். இல்லத்திலேயே தாள் கொடுத்தால் அதில் எழுதட்டும். ஆயா சொல்லச் சொல்ல நீங்கள் பதில் எழுதுங்கள், கீழே அவரைக் கைநாட்டு வைக்கச் சொல்லுங்கள். முகவரியில் தம்பி பெயருக்குக் கீழே "கண்காணிப்பாளர் மூலமாக" என்று போட்டு, இல்லத்தின் முழு முகவரியையும் பின்கோடையும் எழுதுங்கள். கவரில் போட்டால் ஒட்டாமல் விடுங்கள், எப்படியும் பிரித்துப் பார்ப்பார்கள்.

ஜாமீன் மனு எந்தத் தேதியில் வருகிறது என்று வக்கீல் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அன்றைக்கு அப்பாவையும் லீவு போட்டுக் குழுமத்துக்கு வரச் சொல்லுங்கள். தம்பியை அன்று அங்கே கூட்டி வருவார்கள், அதுவும் ஒரு பார்வைதான்.